வீட்டில் செய்யும் இசைத்தட்டுச் சுழலியும் டோன் ஆர்மும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதுவரை மூன்று சுழலிகள் செய்திருக்கிறேன். முதலாவது இப்போது மொட்டை மாடியில் துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. அந்த வேலைக்கு அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது. இரண்டாவது பாடியது, கூடவே முனகியது. மூன்றாவதில்தான் தினமும் பாட்டுக் கேட்கிறேன். ஊர் கோயம்புத்தூர், பிழைப்பு, பம்ப் உதிரிபாகங்களுக்கு அளவு பார்ப்பது. ஆகவே மரத்தைவிட மைக்ரோமீட்டரை அதிகம் நம்புகிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

கடையில் வாங்குவதைவிடச் செலவு குறையுமா?

குறையாது. ஊசியைத் தாங்கி அதன் ஆட்டத்தை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜை எப்படியும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். வைர முனையை வீட்டில் தீட்ட முடியாது. லேத் வேலை ஒருமுறை பிசகினால் மறுபடியும் கூலி, மறுபடியும் உலோகம். சிக்கனம்தான் நோக்கம் என்றால் பழைய சுழலி ஒன்றை வாங்கித் துடைத்து எண்ணெய் போடுங்கள். செய்து பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

ஒரு தட்டு சுற்ற வேண்டும், அவ்வளவுதானே? இதில் என்ன கஷ்டம்?

அளவுகளைப் பாருங்கள். நீண்ட இசைத்தட்டின் ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால் 667 சுற்றுகள். அத்தனை சுற்றுகளும் சுமார் 86 மி.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 0.13 மி.மீ. கிடைக்கிறது. அந்தத் தடத்துக்குள் 1000 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று நல்ல சத்தத்தில் பதிவாகியிருந்தால் ஊசி பக்கவாட்டில் ஆடுவது 8 மைக்ரான் அளவுதான். தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பூரா மட்டும் ஒலிக்கும் மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் கீழே போய்விடும். தட்டின் அச்சைத் தாங்கும் பேரிங் அதே ஒரு மைக்ரான் ஆடினாலும் ஊசி அதையும் பாட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். எது பாடகர் குரல், எது மோட்டாரின் முனகல் என்று அதற்குத் தெரியாது. செய்பவரின் வேலையெல்லாம் ஊசிக்கு இசைத்தட்டைத் தவிர வேறு எந்த அசைவும் எட்டாமல் பார்த்துக்கொள்வதுதான்.

பழையதை மாற்றியமைப்பதா, முதலிலிருந்து செய்வதா?

முதல் முறை என்றால் பழையதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கரார்டு 301, 401, சுவிட்சர்லாந்தின் லென்கோ எல்75 ஆகியவற்றை உலகம் முழுக்க இப்படித்தான் புதுப்பிக்கிறார்கள். மோட்டாரையும் சுழல்தட்டையும் வைத்துக்கொண்டு, கனமான புதுப் பீடம் செய்து, புது ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கி நகரும் கை, பொருத்துவார்கள். இவற்றில் பெல்ட் கிடையாது. மோட்டாரின் சுழற்சியை ஒரு ரப்பர் சக்கரம் தட்டுக்குக் கடத்தும்.

நம் பக்கத்தில் அதிகம் அகப்படுவது மைக்செட்காரர்கள் கல்யாண வீடுகளில் ஓட்டிய ரெக்கார்டு சேஞ்சர்களும், வீடுகளில் இருந்த எச்.எம்.வி. பெட்டிகளும்தான். அவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜுக்கு ஐந்து கிராமும் அதற்கு மேலும் ஊசி அழுத்தம் வேண்டும். அந்த ஆர்மில் இரண்டு கிராம் அழுத்தம் போதுமான இன்றைய கார்ட்ரிட்ஜை மாட்டினால் மூட்டின் உராய்வையே அதனால் வெல்ல முடியாது. எனவே அதிலும் மோட்டாரை வைத்துக்கொண்டு ஆர்மை மாற்றுவதே முறை.

வாங்கும்போது ரப்பர் சக்கரத்தை விரலால் உருட்டிப் பாருங்கள். பல வருடம் அழுத்திய நிலையிலேயே கிடந்திருந்தால் ஓரிடம் தட்டையாகியிருக்கும். சக்கரம் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் ஒரு 'தொப்' கேட்கும். பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கும். அதை வழித்தெடுத்தாலே பாதி நோய் போய்விடும்.

அமெரிக்காவிலிருந்து மாமா ஒரு சுழலி கொண்டுவந்தார். டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் பாட்டு இழுக்கிறதே?

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏ.சி. மோட்டார் அதிர்வெண்ணைப் பின்பற்றி ஓடுவதால் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும்: நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகும், 45 சுற்று 37.5 ஆகும். பெண் குரல் ஆண் குரலாகக் கேட்கும். மோட்டார் அச்சிலுள்ள கப்பியை 1.2 மடங்கு விட்டத்தில் புதிதாகக் கடைந்து போட்டால் தீர்ந்தது. டி.சி. மோட்டார் உள்ள சுழலிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பேரிங்கை எப்படிச் செய்வது?

இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்ற தவறுகளைச் சமாளித்துக்கொள்ளலாம். துளசித் தொட்டிக்கு அடியில் போனது ஏன் போனது என்றால், இரண்டு சாதாரண பால் பேரிங்குகளை வாங்கி அழுத்திவிட்டேன். மோட்டாருக்கு அது சரி. சுழலிக்கு ஆகாது, பத்துப் பன்னிரண்டு குண்டுகள் உள்ளே உருளும் ஒலி அத்தனையும் ஸ்பீக்கரில் வந்தது.

வேண்டியது ஒரு தண்டு, அது உள்ளே சுற்றும் குழாயான ஒரு புஷ், ஒரே ஒரு குண்டு. தண்டுக்கு ஈ.என். 31 எஃகு, 10 மி.மீ. விட்டம், கடினமாக்கி கிரைண்டிங் செய்தது. புஷ் கன்மெட்டல் என்ற வெண்கலத்தில், நீளம் குறைந்தது 50 மி.மீ.; குட்டையாக இருந்தால் தட்டு தலையாட்டும். இடைவெளி 0.02 மி.மீ. தாண்டக் கூடாது. தண்டின் அடியில் நட்டநடுவில் ஒரு குழி, அதில் சைக்கிள் கடையில் பால்ரஸ் என்று கேட்டால் கிடைக்கும் கால் அங்குல எஃகுக் குண்டு. குண்டுக்குக் கீழே ஒரு டெல்ரின் பிளாஸ்டிக் வில்லை.

பம்ப் ஊரில் கன்மெட்டல் புஷ் கடைவது தினசரி வேலை. ஆனாலும் நான் போன பட்டறை அண்ணன் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, பம்புக்கே இவ்வளவு பார்ப்பதில்லை, பாட்டுப் பெட்டிக்கா?" என்றார். புஷ்ஷைப் போரிங் செய்தபின் ரீமரை அவசரமில்லாமல் கையாலேயே ஓட்டினார். முடித்ததும் தண்டில் எண்ணெய் தடவி புஷ்ஷின் வாயில் வைத்துக் கையை எடுத்தார். அது விழவில்லை. உள்ளே அடைபட்ட காற்று சிறு குமிழியாக வெளியேற வெளியேற, கிணற்றில் வாளி அமிழ்வதுபோல் மெல்ல இறங்கியது. மேலே இழுத்தபோது 'பக்' என்றது. "போதுமா?" என்றார். அதற்கு மேல் அளவெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் பட்டறையிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். டக்கென்று விழுந்தால் வாங்காதீர்கள்.

எண்ணெய்க்கு 68 தர ஹைட்ராலிக் எண்ணெய் எனக்கு ஒத்துவந்தது. தையல் மெஷின் எண்ணெய் கனமான தட்டுக்கு மிக மெல்லியது. தட்டு எவ்வளவு நேரம் தானாகச் சுற்றுகிறது என்று பெருமையாகக் காட்டுவார்கள். அது எண்ணெய் எவ்வளவு மெலிது என்பதைத்தான் காட்டும். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைப் பீடத்தில் வைத்துக் கேட்பது அதைவிட உண்மையான பரீட்சை.

சுழல்தட்டு எந்தப் பொருளில்?

300 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமன் என்றால் அக்ரிலிக்கில் ஏறத்தாழ 2.1 கிலோ, அலுமினியத்தில் 4.8 கிலோ. இரண்டும் நன்றாக இருக்கும். எம்.டி.எஃப். எளிதில் வெட்டலாம், ஆனால் ஐப்பசி மழையில் ஊதிவிடும். நாலு பக்கமும் வார்னிஷ் அடித்தும் என்னுடையது ஊதியது. அலுமினியம் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். மேலே கார்க் விரிப்பு போட்டால் அடங்கும்.

பொருளைவிட முக்கியமானது கடைசல். தட்டைத் தனியாகக் கடைந்துவிட்டு அச்சில் மாட்டினால் எங்கோ ஒரு கோணல் வந்தே தீரும். அச்சில் இறுக்கியபின், அந்த அச்சையே லேத்தில் பிடித்து மேல்முகத்தையும் விளிம்பையும் கடைசி முறை சீவச் சொல்லுங்கள். டயல் கேஜ் வைத்தால் விளிம்பில் ஆட்டம் 0.05 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். நடு முளையின் விட்டம் 7.2 மி.மீ.-க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். பெரிதாகிவிட்டால் இசைத்தட்டு இறங்காது.

எந்த மோட்டார்? மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு மோட்டார் மெதுவாகத்தானே சுற்றுகிறது, அதைப் போடலாமா?

வேண்டாம். அதன் உள்ளே பல் சக்கரங்கள். ஒவ்வொரு பல்லும் பாட்டில் கேட்கும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிமிடத்துக்கு 250 சுற்று ஓடும் ஏ.சி. சிங்க்ரோனஸ் மோட்டார். பெல்ட் தட்டின் வெளிவிளிம்பைச் சுற்றுவதாக வைத்தால் கப்பியின் விட்டம் 300 × 33⅓ ÷ 250 = 40 மி.மீ. இதில் பெல்ட்டின் தடிமனையும் சேர்க்க வேண்டும். வேகத்தைத் தீர்மானிப்பது அதன் நடுக்கோடு. 1 மி.மீ. பெல்ட் என்றால் 301 × 33⅓ ÷ 250 = 40.13, அதில் 1 கழித்து 39.13 மி.மீ. இதை மறந்துவிட்டு 40 என்றே கடைந்தால் இரண்டு சதவீதத்துக்கு மேல் வேகமாக ஓடும். நான் மறந்தேன்.

இன்னொன்று பழைய கேசட் பிளேயரின் டி.சி. மோட்டார். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். பெரும்பாலும் 2400 சுற்று என்று எழுதியிருக்கும். அந்த வேகத்துக்குக் கப்பி 4.17 மி.மீ.தான் வரும், அதில் 0.05 மி.மீ. தப்பினாலே ஒரு சதவீதப் பிழை. நல்ல வேளையாக, பலவற்றின் முதுகில் ஒரு சிறு துளை இருக்கும். அதற்குள் நகை வேலைக்கான சன்ன ஸ்க்ரூடிரைவரை விட்டால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

230 வோல்ட் மோட்டாரைத் தொடுவதாக இருந்தால் இணைப்புகளை மூடிய பெட்டிக்குள் வையுங்கள், உலோக பாகங்களை எர்த்தில் இணையுங்கள். பழக்கமில்லையென்றால் டி.சி. மோட்டாரே நல்லது.

பெல்ட் கிடைக்கவில்லை. ரப்பர் கயிற்றை ஒட்டிப் போடலாமா?

ஒட்டிய இடம் தடித்திருக்கும். கப்பியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் சுருதி நடுங்கும். அதைவிடத் தையல் நூல் மேல். இழுபடாத பாலியெஸ்டர் நூலை எடுத்து, முடிச்சை எவ்வளவு சிறிதாகப் போட முடியுமோ அவ்வளவு சிறிதாகப் போட்டு, வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள். தட்டு கனமாக இருந்தால் முடிச்சு கப்பியைத் தாண்டுவது காதுக்குத் தெரியாது. கிளம்பும்போது மட்டும் விரலால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். கால் அங்குல ஒலிநாடாவை வளையமாக ஒட்டிப் போடுபவர்களும் உண்டு.

வேகம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

காசில்லாத வழி: தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வந்தால் 33⅓. ஒரு வினாடி தவறினால் பிழை அரை சதவீதம்.

வேகம் சரியானால் துடிக்கும் விளக்கின் கீழ் கோடுகள் நின்றதுபோல் தெரியும் ஸ்ட்ரோப் தட்டு வைத்திருப்பவர்கள் 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடுகள் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸ் தட்டு இங்கே உதவாது. எல்.இ.டி. பல்புகளில் பல துடிக்காது, கோடுகள் நிற்கவே நிற்காது. சுவிட்ச் போர்டில் சிவப்பாக மினுங்கும் இண்டிகேட்டர் நியான் விளக்கு ஒன்றைக் கழற்றி ஒரு சிறு பெட்டியில் மாட்டிக்கொள்ளுங்கள், அழகாகத் துடிக்கும்.

நம் காதும் மோசமில்லை. ஒரு சதவீத வேகப் பிழை என்பது அரைச் சுரத்தில் ஆறில் ஒரு பங்கு; பக்கத்தில் சுருதிப் பெட்டி வைத்தால் தெரிந்துவிடும். வேகம் ஏறி இறங்குகிறதா என்பதைக் கண்டுபிடிக்க மேல்நாட்டில் பியானோ இசைத்தட்டு போடுவார்கள். எனக்குத் தம்பூராவும் நாகசுவரத்தின் நீண்ட கார்வையும் போதும். ஆனால் நடுக்கம் கேட்டவுடன் பேரிங்கைப் பிரிக்காதீர்கள். இசைத்தட்டின் நடுத்துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே தட்டின் நடுப்பகுதியில் சுருதி அரை சதவீதம் ஏறி இறங்கும். வேறொரு இசைத்தட்டைப் போட்டுப் பாருங்கள்.

பீடத்துக்கு ஸ்பிரிங் வைக்க வேண்டுமா?

1961-இல் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏ.ஆர். நிறுவனச் சுழலியில் தட்டும் ஆர்மும் ஒரே சட்டத்தில் ஸ்பிரிங்கில் தொங்கின. பெட்டியைத் தட்டினாலும் ஊசி தாவாது. மரத் தளம் போட்ட வீடுகளுக்கு அது பெரிய வரம். நம் வீடுகளில் தளம் கான்கிரீட். நடந்தால் அதிராது. மரைன் பிளைவுட்டை நாலைந்து அடுக்காக ஒட்டிக் கனமான பீடம் செய்து, சமையலறை அலமாரிக்குப் போடும் கடப்பாக் கல்லை அடியில் வைத்தால் போதும். கல்லுக்கும் மேசைக்கும் நடுவே ஸ்குவாஷ் பந்தைப் பாதியாக வெட்டி நாலு மூலையில் வையுங்கள்.

ஆர்மை எங்கே பொருத்துவது? கோணம் எவ்வளவு?

இசைத்தட்டை வெட்டும் இயந்திரத்தின் முனை ஆரத்தில் நேர்கோடாக நகர்ந்தது. நம் ஆர்ம் ஒரு முனையில் மாட்டிக்கொண்டு வில்போல் வளைந்து போகிறது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. இரண்டே இடத்தில் ஒத்துப்போக வைக்கலாம். ஸ்வீடனின் லோஃப்கிரென் 1938-இலும், பெர்வால்ட் 1941-இலும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். இன்றைய தரநிலைப்படி அந்த இரண்டு இடங்கள் மையத்திலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ.

செய்பவருக்கு வேண்டியது இவ்வளவுதான். நடு முளையிலிருந்து ஆர்மின் மூட்டு வரையுள்ள தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் வர்க்கத்தோடு 7979-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், மூட்டிலிருந்து ஊசி முனை வரை இருக்க வேண்டிய நீளம். 93.45-ஐ அந்த நீளத்தால் வகுத்தால் தலைப்பகுதி உள்நோக்கித் திரும்ப வேண்டிய கோணத்தின் சைன்.

ரேகா நிறுவன ஆர்ம்களின் தூரமான 222 மி.மீ. என்று எடுத்தால் நீளம் 239.3 மி.மீ.; ஊசி, முளையைத் தாண்டி 17.3 மி.மீ. போகும், கோணம் 23 டிகிரி. 250 என்று எடுத்தால் 265.5, 15.5, 20.6 டிகிரி. பன்னிரண்டு அங்குல ஆர்ம்களுக்கான 295.6-க்கு 308.8, 13.2, 17.6 டிகிரி. நீளம் கூடக் கூடக் கோணப் பிழை குறையும், எடை கூடும். முதல் ஆர்முக்கு 222 போதும்.

தூரத்தை அளக்கும்போது ஸ்கேலை நம்பாதீர்கள். ஒரு தகட்டில் முளைக்கு ஒரு துளை, மூட்டுக்கு ஒரு துளை போட்டு அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பகுதியின் திருகுத் துளைகள் 12.7 மி.மீ. இடைவெளியில் இருக்க வேண்டும். அவற்றை நீள் துளைகளாக வெட்டினால் முன்பின் தள்ளிச் சரிசெய்யலாம். இணையத்திலிருந்து எடுக்கும் கோணமானித் தாளை அச்சிட்டபின் அளந்து பாருங்கள். என் வீட்டுப் பிரிண்டர் கேட்காமலேயே 97 சதவீதமாகச் சுருக்கிக் கொடுத்தது.

மூட்டு எப்படி? நாலு பேரிங் வைத்துச் செய்ய என்னால் முடியாது.

யாராலும் முடிகிற வழி ஒற்றைமுனை மூட்டு. கூர்மையான எஃகு முனை ஒன்று செங்குத்தாக நிற்கும். ஆர்மின் அடியிலுள்ள குழி அதன்மேல் உட்காரும். நடுத்திருகில் சென்டர் பஞ்சால் தட்டிய குழியை மெருகேற்றினால் போதும். ஊசிப் பக்கத்தைச் சமன்செய்ய ஆர்மின் பின்னால் மாட்டும் எதிர்எடையின் பெரும்பகுதி முனையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்ம் கழைக்கூத்தாடிபோல் ஒருபக்கம் சாயும். சாய்வைச் சரிசெய்ய மூட்டின் இரு பக்கமும் சிறு திருகுகளை நீட்டி விடுங்கள். ஒன்றை உள்ளே, ஒன்றை வெளியே திருகினால் ஊசி நிமிரும்.

இன்னும் எளிதானது வெல் டெம்பர்டு என்ற நிறுவனத்து ஆர்ம்களின் வழி. ஒரு கோல்ஃப் பந்து நைலான் நூலில் தொங்கியபடி சிலிக்கோன் எண்ணெயில் பாதி மூழ்கியிருக்கும். ஆர்ம் பந்தோடு சேர்ந்து அசையும். உராய்வே கிடையாது, எண்ணெய் ஆட்டத்தை அடக்கும். பார்த்தால் விளையாட்டுச் சாமான்போல் இருக்கும். நன்றாகவே பாடும்.

ஆர்முக்கு எந்த மரம் இனிமை?

கோபித்துக்கொள்ளாதீர்கள், வீணை செய்யவில்லை நாம். ஆர்ம் ஒலிக்கவே கூடாது. மூங்கில் லேசாகவும் விறைப்பாகவும் இருக்கிறது. கார்பன் அம்புத் தண்டும் அப்படியே. தேக்கும் சரி. எடையைக் கணக்குப் பார்ப்பதுதான் மர ஜாதியைவிட முக்கியம்.

ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஊசித்தண்டின் ரப்பர் மீது ஸ்பிரிங்கில் வைத்த எடைபோல் ஆடும். அந்த ஆட்டம் 8-க்கும் 12 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் விழ வேண்டும். கீழே போனால் வளைந்த இசைத்தட்டு ஏறி இறங்கும்போது அதுவும் சேர்ந்து குதிக்கும். மேலே போனால் பாட்டின் அடிநாதத்தில் கை வைக்கும். கணக்கு: மொத்த எடையை கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸால் (ஊசித்தண்டு எவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்கும் என்ற எண்) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுக்க வேண்டும்.

எடை என்றால் தராசில் வரும் எடை அல்ல, ஊசி உணரும் எடை. என் ஆர்மையே எடுத்துக்கொள்வோம். நீளம் 240 மி.மீ., மூங்கில் தண்டு 12 கிராம். ஒரு முனையில் மூட்டு இருப்பதால் மூன்றில் ஒரு பங்கு, 4 கிராம் மட்டும் கணக்கில் வரும். தலைப்பகுதி 4 கிராம், அது நுனியில் இருப்பதால் முழுதாக வரும். எதிர்எடை 100 கிராம், மூட்டிலிருந்து 39.4 மி.மீ. பின்னால், அதன் பங்கு 2.7 கிராம். மொத்தம் 10.7. இதில் ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜின் 7.2 கிராமும் திருகுகள் 1 கிராமும் சேர்த்தால் 18.9. கம்ப்ளையன்ஸ் 20. விடை 8.2 ஹெர்ட்ஸ். தேர்ச்சி, கடைசி மதிப்பெண்ணில்.

ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ்களில் கவனம் தேவை. டெனான் டி.எல்.-103-க்கு 5 என்று போட்டிருப்பார்கள். அது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. நம் கணக்குக்கு அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் அது கனமான ஆர்மைத்தான் கேட்கும். தலைப்பகுதியில் ஒரு பித்தளைத் தகட்டைச் சேர்த்துத் திருகுங்கள்.

எதிர்எடை கனமாக இருந்தால் ஆர்ம் மந்தமாகாதா?

நேர்மாறு. 50 கிராமை 70 மி.மீ. தள்ளி வைத்தால் ஊசி உணர்வது 4.25 கிராம். 100 கிராமை 35 மி.மீ.-இல் வைத்தால் அதே சமநிலை, ஊசி உணர்வது 2.1 கிராம். கனமாக, மூட்டுக்கு நெருக்கமாக.

ஒயர்?

மோட்டார் ரீவைண்டிங் கடையில் 42 எஸ்.டபிள்யூ.ஜி. எனாமல் கம்பி கேளுங்கள், தடிமன் 0.1 மி.மீ. நாலு கம்பிகளும் ஒரே நிறத்தில் இருக்கும் என்பதால் நுனிகளில் நகப்பூச்சால் அடையாளம் வையுங்கள். வழக்கமான நிறங்கள்: இடது வெள்ளையும் நீலமும், வலது சிவப்பும் பச்சையும், வெள்ளையும் சிவப்பும் நேர்முனை. பற்றவைக்கும் வேலையைச் சிறு கிளிப்பில் செய்து, சூடு ஆறியபின் கார்ட்ரிட்ஜில் செருகுங்கள். கார்ட்ரிட்ஜின் முள்ளில் நேராகப் பற்றுக்கோலை வைத்தால் உள்ளே இருக்கும் சுருள் போய்விடும்.

கம்பி மூட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு தளர்ந்த வளையம் விடுங்கள். ஆர்மைச் சமநிலையில் நிறுத்தி, மெல்ல ஊதுங்கள். எங்கே போய் நின்றதோ அங்கேயே இருந்தால் சரி. பழைய இடத்துக்கே திரும்பி வந்தால் கம்பி ஸ்பிரிங்காக இழுக்கிறது என்று பொருள்.

ஊசி அழுத்தத்தை எதில் நிறுப்பது?

தங்கம் நிறுக்கும் சிறிய மின்தராசு, 0.01 கிராம் காட்டுவது. தராசுத் தட்டின் மேற்பரப்பு இசைத்தட்டின் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். உயரத்தில் வைத்து நிறுத்தால் எண் மாறும். தராசுத் தட்டு காந்தம் ஒட்டும் எஃகாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துக் கணக்கைக் கெடுக்கும். நடுவே கனமான அட்டைத் துண்டு ஒன்றை வையுங்கள். 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். குன்றிமணி ஏறத்தாழ 0.12 கிராம் என்பதால் பதினைந்து குன்றிமணி. தராசு வருவதற்கு முன் ஒரு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். பிறகு நிறுத்துப் பார்த்தபோது வெட்கப்படும்படி ஒன்றுமில்லை.

ஆன்டி-ஸ்கேட்டிங் அவசியமா?

தலைப்பகுதி திரும்பியிருப்பதால் ஊசியை மையத்தை நோக்கி இழுக்கும் விசை ஒன்று எப்போதும் இருக்கும். அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் வெளிப்பக்கம் இழுத்தால் போதும். ஒரு நூல், ஒரு கம்பி வளைவு, நுனியில் ஒரு சிறு நட்டு.

'உம்ம்' என்ற ஒலி போகவே மாட்டேன் என்கிறது.

முதலில் அது மின்சார ஒலியா, அசைவின் ஒலியா என்று பிரியுங்கள். ஊசியை நிற்கும் இசைத்தட்டின் மீது வைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டுங்கள். அப்போது சேர்வது மோட்டாரின் அதிர்வு. மோட்டாரைப் பீடத்திலிருந்து பிரித்துத் தனிக் கட்டையில் வையுங்கள். மோட்டாரை அணைத்துவிட்டுத் தட்டைக் கையால் சுழற்றும்போது உறுமினால் பேரிங். எதுவும் ஓடாதபோதே உம்மென்றால் எர்த் பிரச்சினை: ஆர்மின் உலோகத்திலிருந்து ஒரு தனி ஒயரை ஃபோனோ பெருக்கியின் எர்த் திருகுக்குக் கொண்டுபோங்கள். ஆர்ம் உள்ளே நகர நகர ஒலி கூடினால் கார்ட்ரிட்ஜ் மோட்டாரின் காந்தப் புலத்தைப் பிடிக்கிறது; மோட்டாரை எதிர் மூலைக்கு மாற்றுங்கள்.

ஃபோனோ பெருக்கி இல்லாமல் நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டு, சத்தமே இல்லை, பாஸ் இல்லை என்று கேட்பவர்களும் உண்டு. கார்ட்ரிட்ஜ் தருவது ஐந்து மில்லிவோல்ட். அதை நூறு மடங்காக்கி, வெட்டும்போது குறைத்த அடிநாதத்தைத் திரும்பக் கூட்ட அந்தப் பெருக்கி கட்டாயம் வேண்டும்.

தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகளை இதில் கேட்கலாமா?

வேகத்துக்கு இன்னொரு கப்பி, ஊசிக்கு இன்னொரு முனை. அந்தத் தடம் அகலமானது. இன்றைய 18 மைக்ரான் ஊசி அதன் அடியில் கிடந்து குப்பையைத்தான் பாடும். 75 மைக்ரான் அளவுள்ள முனை வேண்டும். ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் இதற்கென்றே ஒரு ஊசி உண்டு, அதே கார்ட்ரிட்ஜில் மாற்றிச் செருகலாம். இடது வலது இரண்டையும் மோனோவாக இணைத்துவிட்டால் இரைச்சல் கணிசமாகக் குறையும்.

மூடி அவசியமா? அழகைக் கெடுக்கிறதே.

இரண்டாவது சுழலிக்கு நானும் மூடி வைக்கவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், சாமான்களையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்த என் அம்மா அதையும் அக்கறையாகத் துடைத்தார். பழைய பனியன் துணி. ஒரு இழை போய் ஊசித்தண்டில் மாட்டியது. மாலையில் நான் பார்த்தபோது சுழலி பளபளவென்று இருந்தது, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன, ஊசித்தண்டு மட்டும் பக்கவாட்டில் மடிந்து கிடந்தது. 4 மி.மீ. அக்ரிலிக்கில் ஐந்து பக்கம் வெட்டி ஒட்ட ஒரு மாலை நேரம் போதும். பாடும்போது மட்டும் கழற்றி வையுங்கள்.